வீட்டுக்கு வந்த இயந்திரம்: நோயுற்ற குழந்தைகளும் இரவல் கருவிகளும்

தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய ஊர் எதை எடுத்துக்கொண்டாலும், இறந்தவர் உடலை வைக்கும் ஃப்ரீசர் பெட்டியை இலவசமாகத் தருவதற்கு ஆள் இருக்கிறார்கள். அரிமா சங்கமோ, ரோட்டரியோ, ஜமாஅத்தோ, கட்சிக் கிளையோ, போன் செய்த கொஞ்ச நேரத்தில் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அதே ஊரில், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட இரண்டு வயதுக் குழந்தைக்குச் சளி உறிஞ்சும் இயந்திரம் இரவலாக வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது என்றே தெரியாது. கொடுக்கும் மனம் இல்லாததால் வந்த நிலை என்று இதைச் சொல்ல முடியாது. சாவு வீடு தெருவுக்கே தெரியும். உள்ளறையில் இயந்திரத்தின் துணையோடு மூச்சு விடும் குழந்தையை அடுத்த வீட்டார்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட குழந்தைகள் பல வகை. குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் முதிராமல் சில மாதம் ஆக்சிஜனோடு இருக்க வேண்டியவர்கள், எஸ்எம்ஏ, டூஷேன் போன்ற நரம்பு, தசை நோய்களால் இரவில் மூச்சு தளர்ந்து பைபாப் இயந்திரம் தேவைப்படுபவர்கள், மூளை முடக்குவாதத்தால் தலையும் முதுகும் நிற்காமல் தனி நாற்காலி தேவைப்படுபவர்கள், தொண்டைத் துளையில் டிரக்கியாஸ்டமி குழாயோடு இருப்பவர்கள், மூக்குக் குழாய் வழியே பால் குடிப்பவர்கள், புற்றுநோயின் கடைசி வாரங்களைத் தம் வீட்டில் கழிக்க வேண்டியவர்கள். இந்தியாவில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக அளவிலான மதிப்பீடு ஒன்று சொல்கிறது. அவர்களில் சிறு பங்கினருக்குத்தான் வீட்டில் ஆக்சிஜன் தேவைப்படும். அந்தச் சிறு பங்கே ஆயிரக்கணக்கில் வரும்.

இத்தகைய குழந்தைகள் வீட்டில் வளரலாம் என்பதே ஒரு காலத்தில் போராடிப் பெற வேண்டியதாக இருந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1978இல் பிறந்த கேட்டி பெக்கெட், கைக்குழந்தையாக இருந்தபோது மூளையழற்சி வந்து வென்டிலேட்டரை நம்பி வாழ வேண்டியவரானார். உடல்நிலை ஓரளவு தேறி வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் போக முடியவில்லை. மருத்துவமனையில் இருந்தால்தான் அரசு பணம் கட்டும், வீட்டுக்குப் போனால் கட்டாது என்பது விதி. வீட்டுப் பராமரிப்புக்கு ஆகும் செலவோ மருத்துவமனைச் செலவைவிடக் குறைவு. 1981 நவம்பரில் அதிபர் ரீகன் செய்தியாளர்கள் முன்னிலையில் இந்த முரணைச் சுட்டிப் பேசிய பிறகுதான் கேட்டிக்கு விலக்கு கிடைத்தது. அடுத்த ஆண்டே மற்றக் குழந்தைகளுக்கும் வழிவிடும் சட்டம் வந்தது. கேட்டி 34 வயது வரை வாழ்ந்தார்.

நம்மிடம் சிக்கல் தலைகீழானது. இங்கே குழந்தையை மருத்துவமனையில் பிடித்துவைக்கும் விதி எதுவும் கிடையாது. அடுத்த குழந்தைக்குக் கட்டில் வேண்டும் என்ற நெருக்கடிதான் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் வீட்டில் ஆக்சிஜன், சக்‌ஷன், நெபுலைசர் தேவை என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு வரிதான் குடும்பத்தின் பல மாத வருமானம். காப்பீடு அதைத் தொடாது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் மருத்துவமனையை விட்டு வந்த பின் 15 நாள் வரையிலான செலவுக்குத்தான் இடமுண்டு. குழந்தையின் நோய் 15 நாளில் முடிகிற நோயாக இருந்தால் இயந்திரமே தேவைப்பட்டிருக்காது.

மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் வழங்கும் ஒன்றிய அரசின் அடிப் திட்டம் 1981 முதல் நடப்பில் உள்ளது. அதன் போக்கு முகாம் வைத்து அளவெடுப்பது, பிறகு இன்னொரு முகாமில் கருவியைச் சொந்தமாகக் கொடுத்துவிடுவது. ஒரு முறை பெற்றவர் மீண்டும் பெற மூன்றாண்டு காத்திருக்க வேண்டும்; 12 வயதுக்கு உட்பட்டவர் என்றால் ஓராண்டு போதும். குழந்தை வளரும் என்பதை விதி எழுதியவர்கள் உணர்ந்துதான் இருக்கிறார்கள். ஆனால் வளர்ந்த குழந்தையின் பழைய நாற்காலியைத் திரும்ப வாங்கி, பழுது நீக்கி, அடுத்த குழந்தைக்குக் கொடுக்க அதில் வழி செய்யப்படவில்லை. அது பரணுக்குப் போய்விடுகிறது. மூச்சுக் கருவிகளுக்கு வேறொரு சங்கடம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட 50 முதன்மைத் துணைக்கருவிகளின் பட்டியலில் சக்கர நாற்காலியும் செவித்துணைக் கருவியும் இருக்கின்றன; ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரோ சளி உறிஞ்சும் சக்‌ஷன் இயந்திரமோ இல்லை. மாற்றுத்திறனாளி நலத்துறையைக் கேட்டால் அது மருத்துவக் கருவி என்பார்கள், மருத்துவத் துறையைக் கேட்டால் அது மருத்துவமனைக்குள் இருக்க வேண்டியது என்பார்கள். அந்த இடைவெளியில்தான் தொண்டு நிறுவனங்கள் நிற்கின்றன.

குழந்தையைப் பொறுத்தவரை இரவல்தான் சரியான முறை என்று நினைக்கிறேன். வறுமைக்கான ஒட்டுவேலையாக அதைப் பார்க்கத் தேவையில்லை. பணம் உள்ள குடும்பத்துக்கும் அதுவே பொருந்தும். குறைமாதக் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்ததும் கான்சன்ட்ரேட்டருக்கு வேலை முடிந்துவிடும். மூன்று வயதுக்குச் செய்த நாற்காலி ஐந்து வயதில் இடுப்பைப் பிடிக்கும். பைபாப் முகமூடி முகத்தின் வளர்ச்சிக்கேற்ப மாற வேண்டும். சிறியதாகிவிட்டதை இறுக்கிக் கட்டினால் மூக்குத்தண்டில் புண் வரும், நாளாவட்டத்தில் முக எலும்பின் வளர்ச்சியையே அது பாதிக்கும். நான்கு குழந்தைகளிடம் அடுத்தடுத்துப் போய்வர வேண்டிய ஒரு கருவியை நான்கு குடும்பங்கள் கடன்பட்டு வாங்குகின்றன.

இரவல் தருவதை ஒரு பெரிய அமைப்பாகவே வளர்த்தெடுத்தவர்கள் உண்டு. ஜெருசலேமில் ஊரி லுப்போலியன்ஸ்கி என்ற பள்ளி ஆசிரியர், உடம்பு சரியில்லாத தன் குழந்தைக்காக நீராவிக் கருவி ஒன்றை அண்டை வீட்டில் இரவல் வாங்கினார். ஊரில் பலருக்கும் அது கிடைக்காமல் திண்டாட்டமாக இருப்பதைக் கண்டு, தானே சில கருவிகளை வாங்கி இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1976இல் அது யாத் சாரா என்ற அமைப்பானது. பாட்டியின் பெயரை அதற்கு வைத்தார். இன்று அந்நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள், ஆயிரக்கணக்கான தொண்டர்கள். முன்பணம் கட்டிக் கருவியை எடுத்துப் போய், திருப்பித் தந்ததும் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். இங்கிலாந்தில் கேனக் நகரில் இயங்கும் நியூலைஃப் என்ற அமைப்பு குழந்தைகளுக்காகவே இயங்குவது. கடைகள் கழித்துவிடும் துணிமணிகளை விற்று நிதி சேர்த்து, அரசு ஒப்புதலுக்காகக் காத்திருக்க முடியாத குழந்தைகளுக்கு அவசர இரவலாகக் கருவிகளை அனுப்புகிறது. அங்கே அரசு மருத்துவச் சேவை அனைவருக்குமானது. அப்படிப்பட்ட நாட்டிலும் கோப்பு நகரும் வேகத்துக்கும் குழந்தையின் தேவைக்கும் இடையே ஒரு தொண்டு நிறுவனம் நிற்க வேண்டியிருக்கிறது.

நமக்கு அருகில் உள்ள பாடம் கேரளம். 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொண்டர்களும் சேர்ந்து தொடங்கிய வலிநிவாரண, நோய்தணிப்புச் சங்கம், பத்தாண்டுக்குள் மலப்புறம் முதலான மாவட்டங்களில் ஊருக்கு ஊர் தொண்டர் குழுக்களாகப் பரவியது. 2008இல் மாநில அரசு நோய்தணிப்புக்கென்று கொள்கை வகுத்து உள்ளாட்சிகளை அதில் இணைத்தது. அங்கே வாட்டர் பெட், சக்கர நாற்காலி, கான்சன்ட்ரேட்டர் எல்லாம் ஊர்க் குழுவின் அறையிலிருந்து நோயாளியின் வீட்டுக்குப் போகும். யாத் சாராவில் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் முன்பணம். கேரளத்தில் உத்தரவாதம், செவிலியரும் தொண்டரும் அந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய்வருவது. இரண்டில் ஏழைக்குடும்பத்துக்கு ஏற்றது இரண்டாவதுதான். முன்பணம் கட்ட முடியாதவருக்கு இரவல் கதவு முதலிலேயே சாத்தப்பட்டுவிடும். வீட்டுக்கு ஆள் போனால், கருவியோடு குழந்தையும் பார்க்கப்படும். ஆனால் கேரளத்து அமைப்பிலும் பெரும்பாலான நோயாளிகள் முதியவர்கள். குழந்தைக்கென்று வரும்போது அந்த அறையில் இருக்கும் பொருள்கள் பெரும்பாலும் பெரியவர் அளவில்தான் இருக்கும்.

அளவு என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு கான்சன்ட்ரேட்டர் ஒன்றே போதும். அது அறைக்காற்றை இழுத்து, ஜியோலைட் என்ற கனிமம் நிரப்பிய குழல்கள் வழியே செலுத்தி, நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு 90 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜனாக வெளியே தரும். 2021 மே மாதம் கொரோனாவால் இந்தியா மூச்சுத்திணறிய நாட்களில் நன்கொடையாக வந்து குவிந்தவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 லிட்டர், 10 லிட்டர் தரும் பெரியவர்களுக்கான இயந்திரங்கள். கைக்குழந்தைக்கு வேண்டியது நிமிடத்துக்குக் கால் லிட்டராக, சில வேளை அதிலும் குறைவாக இருக்கும். இயந்திரத்தின் முகப்பில் உள்ள அளவுக்குழாயில் முதல் கோடே பெரும்பாலும் அரை லிட்டரில்தான் தொடங்கும். அதற்குக் கீழே பந்தை நிறுத்தி இதுதான் கால் லிட்டர் என்று கண்ணால் மதிப்பிட்டால் அது மதிப்பீடுதான், அளவாகாது. குறைவாகக் கொடுத்தாலும் ஆபத்து, தேவைக்கு மேல் கொடுத்தாலும் குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கு ஆபத்து. குழந்தைகளுக்கான நுண் அளவுக்குழாய் ஒன்றைப் பொருத்தினால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. நன்கொடையாக வந்த பெட்டிக்குள் அது இருக்காது.

இன்னொன்றும் உண்டு. கான்சன்ட்ரேட்டர் ஓடாமல் மூலையில் கிடந்தால் ஈரப்பதம் ஏறி ஜியோலைட் கெட்டுவிடும். பிறகு சுவிட்ச் போட்டால் சத்தம் வரும், குழாயில் காற்று வரும், குமிழிகளும் வரும். அந்தக் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை மட்டும் யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு 82 விழுக்காடு. ஆக்சிஜன் அனலைசர் என்ற சிறு அளவுமானியை வைத்து அளக்காமல் ஒரு வீட்டுக்கு இயந்திரத்தை அனுப்பக் கூடாது. கொரோனா ஓய்ந்தபின் சங்க அலுவலகங்களிலும் கிடங்குகளிலும் துணி போர்த்தி வைக்கப்பட்ட இயந்திரங்களை எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்க விரும்புவோர் முதலில் வாங்க வேண்டியது இந்த அளவுமானியைத்தான்.

பிறகு மின்சாரம். 350 வாட் இயந்திரம் இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 8 யூனிட்டுக்கு மேல். தமிழ்நாட்டின் இரண்டு மாதக் கணக்கில் இயந்திரம் மட்டுமே 500 யூனிட் இழுத்துவிடும். வீட்டின் விளக்கும் விசிறியும் சேர்ந்தால் 500 யூனிட் என்ற கட்டண எல்லையை நன்றாகவே தாண்டும். தாண்டினால் அதிக விகிதத்துக்குக் கணக்கு மாறும். இலவசமாக வந்த கருவி மாதாமாதம் பணம் கேட்கிறது. காசு கட்ட முடியாத வீட்டில் என்ன நடக்கும்? குழந்தை தூங்கும்போது இயந்திரத்தை அணைத்து வைப்பார்கள். தூக்கத்தில்தான் ஆக்சிஜன் அளவு மேலும் இறங்கும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மின்வெட்டுக்குத் துணையாக ஒரு பி டைப் சிலிண்டர் வேண்டும். அதில் ஏறத்தாழ 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு அரை லிட்டர் எடுக்கும் குழந்தைக்கு அது இரண்டு நாள் தாங்கும். இதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த இரவல் முழுமையானது.

சக்‌ஷன் இயந்திரத்தின் கதை இன்னும் நெருக்கமானது. டிரக்கியாஸ்டமி குழாய் வைத்த குழந்தையால் சளியைச் சரியாக இருமி வெளியே தள்ள முடியாது. குழாய்க்குள் கறகறவென்று சத்தம் கேட்டதும் அம்மா கை கழுவிக்கொண்டு, இயந்திரத்தைப் போட்டு, புதிய கதீட்டரை உறையிலிருந்து எடுக்கிறார். 4 மில்லிமீட்டர் குழாய் என்றால் 8ஆம் எண் கதீட்டர். அதைவிடத் தடியாக இருந்தால் குழந்தையின் மூச்சுவழியில் பெரும்பகுதி அடைபட்டுவிடும். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று முன்பே அளந்து குறித்த அளவு வரைதான் உள்ளே விட வேண்டும். உள்ளே போனதும் விரலால் துளையை மூடி, உருட்டியபடியே வெளியே எடுக்க வேண்டும். எல்லாம் பத்து நொடிக்குள். உறிஞ்சும் அழுத்தம் 100 மி.மீ. பாதரசத்தை ஒட்டி இருக்க வேண்டும். பெரியவருக்கு வைத்த அளவிலேயே விட்டால் மெல்லிய சவ்வில் ரத்தம் கசியும். முடிந்ததும் குழந்தையின் உதட்டு நிறத்தைப் பார்க்க வேண்டும். இதை நாள் முழுதும், நள்ளிரவிலும், சமையலுக்கு நடுவிலும் செய்யும் அந்தப் பெண் எந்தச் செவிலியர் பள்ளியிலும் படித்தவரில்லை. இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க நம் மருத்துவமனைகள் பெரும்பாலும் ஒதுக்கும் நேரம் டிஸ்சார்ஜ் நாளின் கடைசி அரைமணி நேரம்.

கதீட்டர் ஒரு முறை பயன்படுத்திவிட்டுப் போட வேண்டியது. ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து தேவைப்படும் குழந்தைகள் உண்டு. இரவல் கொடுத்தவர் பெட்டியோடு இரண்டு கொடுத்திருப்பார். மூன்றாம் நாளிலிருந்து அம்மா அதையே கொதிநீரில் போட்டு எடுத்துப் பயன்படுத்துவார். நன்கொடையாளர் பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் இயந்திரம் வாங்கித் தரத் தயாராக இருக்கிறார். அதன் மேல் பெயர் எழுதலாம், ஒப்படைக்கும்போது படம் எடுக்கலாம். கதீட்டர், வடிகட்டி, முகமூடிப் பட்டை, மூக்குக் குழாய் ஆகியவற்றின் மேல் யார் பெயரையும் எழுத முடியாது. குழந்தையின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு தொண்டு நிறுவனத்தை மதிப்பிட எத்தனை இயந்திரம் கொடுத்தார்கள் என்று கேட்பதைவிட, போன மாதம் எத்தனை வீட்டுக்கு உதிரிப் பொருள் அனுப்பினார்கள் என்று கேட்பது சரியாக இருக்கும்.

பராமரிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவமனைகளின் அனுபவமே சான்று. வளம் குறைந்த 16 நாடுகளின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவக் கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்து பெர்ரியும் மால்கினும் 2011இல் எழுதிய ஆய்வு, அவற்றில் ஏறத்தாழ 38 விழுக்காடு வேலை செய்யாமல் கிடந்ததைக் காட்டியது. பயிற்சியின்மை, பராமரிப்பு முறையின்மை, மின்சாரம் போன்ற அடிப்படை வசதியின்மை என்று காரணங்களை அவர்கள் பிரித்துச் சொன்னார்கள். மருத்துவமனையிலேயே இப்படி என்றால், பொறியாளரே எட்டிப்பார்க்காத வீட்டில் எப்படி இருக்கும்?

பதிவேடு பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் பல லட்சம் பைபாப், சிபாப், வென்டிலேட்டர் இயந்திரங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உள்ளே ஒலியடக்கத்துக்கு வைத்த நுரை சிதைந்து, துகள்களாக மூச்சில் கலக்கலாம் என்பது காரணம். கடையில் வாங்கியவரிடம் ரசீது இருக்கும், தகவல் போய்ச் சேரும். ஒருவர் இறந்தபின் அவர் குடும்பம் ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்து, அங்கிருந்து மூன்றாவது குழந்தைக்குப் போயிருக்கும் இயந்திரத்தின் வரிசை எண் எந்த நோட்டில் இருக்கிறது? கருவி, எண், எந்த வீட்டில், எந்தத் தேதியிலிருந்து, கடைசியாக யார் சோதித்தார் என்று ஐந்து பத்திகள் கொண்ட நோட்டு ஒன்று இல்லாமல் இரவல் வங்கி நடத்துவது குழந்தைகளை ஆபத்தில் தள்ளுவதாகும்.

மூச்சுக் கருவிகளுக்குச் சொன்னது நாற்காலிக்கும் பொருந்தும், கொஞ்சம் மாற்றத்தோடு. மூளை முடக்குவாதம் உள்ள ஐந்து வயதுக் குழந்தையைப் பெரியவர் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தால் கால் தொங்கும், உடல் ஒருபுறம் சரியும், முதுகெலும்பு வளையும். கருவியோடு அளவெடுத்தல், பொருத்துதல், பயிற்சி, பின்தொடர்தல் எல்லாம் சேர்ந்ததே சேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. இங்கே விலை உயர்ந்த இறக்குமதிப் பொருள் தேவையில்லை என்பது நல்ல செய்தி. ஜிம்பாப்வேயில் பெவில் பேக்கர் வளர்த்தெடுத்த முறையில் பழைய தாளையும் அட்டையையும் மாவுப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி உறுதியான நாற்காலி செய்கிறார்கள். அளவு குழந்தையின் உடம்புக்கே எடுக்கப்படுகிறது. நம் ஊர்த் தச்சரும் ஒரு பிசியோதெரபிஸ்ட் அருகில் இருந்தால் இதைச் செய்வார். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர்சேவா சங்கம் கிராமத்துக் குழந்தைகளின் வீடுகளுக்கே பயிற்சி பெற்ற பணியாளர்களை அனுப்பி வருகிறது. அப்படி வீட்டுக்குப் போகிறவர் கண்ணுக்குத்தான் நாற்காலி சிறிதாகிவிட்டது தெரியும்.

திரும்பப் பெறுவதில் ஒரு கடினமான தருணம் உண்டு. சில குழந்தைகள் இறந்துவிடுகிறார்கள். கருவி அந்த வீட்டில் நிற்கிறது. அடுத்த குழந்தை காத்திருக்கிறது. வாகனத்தோடு ஓட்டுநரை மட்டும் அனுப்பி எடுத்துவரச் சொல்லும் அமைப்புகள் உண்டு. அது கூடாது. அந்தக் குழந்தையைப் பார்த்துப் பழகியவர் முதலில் துக்கம் விசாரிக்கப் போக வேண்டும், கருவியைப் பற்றிப் பேசாமல் திரும்ப வேண்டும். பிறகு பெற்றோரே சொல்லியனுப்புவார்கள். அந்தக் காத்திருப்பைத் தாங்குமளவுக்கு வங்கியில் கருவிகளின் எண்ணிக்கை இருக்க வேண்டும்; அந்தச் சில வாரங்களை யாரும் விரயமாகக் கணக்கிடக் கூடாது.

இவ்வளவையும் தொண்டு நிறுவனங்களே செய்யட்டும் என்று விட்டுவிட முடியாது. நிதி தருபவர் மாறினால் கதீட்டர் நிற்கும், செயலாளர் மாறினால் நோட்டு தொலையும். மாவட்டந்தோறும் ஒரு கருவி வங்கி வேண்டும், அதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் வந்த மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் பிசியோதெரபிஸ்ட்டும் குழந்தைநல மருத்துவரும் பணியில் இருக்கிறார்கள். கருவிகளைத் தொண்டு நிறுவனங்கள் திரட்டட்டும், தொண்டர்கள் வீட்டுக்குப் போகட்டும். பயோமெடிக்கல் பொறியாளர், அனலைசர், பதிவேடு, அம்மாக்களுக்கான பயிற்சி, மின்கட்டணச் சலுகைக்கான சான்றிதழ் ஆகியவை அந்த மையத்தின் பொறுப்பாகட்டும்.

உதிரிப் பொருள்களை வீடுவரை கொண்டு சேர்க்க அரசால் முடியுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கு அதற்கான திரவப் பைகளை வீட்டிலேயே தருகிறார்கள். லிட்டர் கணக்கில் திரவம் நிறைந்த அந்தப் பைகளைச் சுமந்து போகும் ஏற்பாட்டில், குழந்தையின் பெயரும் கதீட்டர் எண்ணும் எழுதிய ஒரு மாதப் பொட்டலத்தையும் சேர்க்கலாம். அதற்குப் புதிய திட்டம் தேவையில்லை; அந்தத் திட்டத்தின் பொருள் பட்டியலில் குழந்தைகளுக்கான எட்டாம் எண் கதீட்டரையும், நுண் அளவுக்குழாயையும், சிறிய முகமூடியையும் சேர்க்கும் ஓர் அரசாணை போதும்.